பழைய பத்திரிகைக் கட்டுக்கு அடியில் 115 கோடி ரூபாய் கார்! நொடித்துப் போன லாரி அதிபரின் ஷெட்டில் தூங்கிய அதிசயம்

கதவைத் திறந்ததும் தூசி. ஒட்டடை. பழைய மோட்டார் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தன. பரணில் போட வேண்டியதை எல்லாம் எதன் மேலோ போட்டு வைத்திருக்கிறார்கள்.

எதன் மேல்? ஒரு காரின் மேல்!

கூரை இல்லாத கார். ரெண்டே பேர்தான் உட்காரலாம். இத்தாலி நாட்டில் சுத்தியலால் அடித்து அடித்துக் கையால் செய்த 'பெராரி'. வீட்டில் வேண்டாத பேப்பரை சைக்கிள் கேரியரில் வைப்பதுபோல அதன் முதுகில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

2015-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி பாரிஸ் நகரில் அந்தக் கார் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1 கோடியே 62 லட்சத்து 88 ஆயிரம் யூரோ. அன்றைய கணக்குப்படி நம்ம பணத்தில் சுமார் 115 கோடி ரூபாய்.

'ஷெட்டில் கிடைத்தது' என்று சொன்னால் போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு வேறு நினைப்புதான் வரும். ஆனால் இது திருட்டுப் பொருள் அல்ல. கடத்தல் இல்லை. கேஸ் இல்லை. நேர் வழியில் பணம் கொடுத்து வாங்கிய கார். வாங்கியவர் ஒரு லாரிக்காரர். அவர் நொடித்துப் போனார். கார் கிடந்தது. அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த 115 கோடி யாருடைய உழைப்பு? யார் கைக்குப் போனது? பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டே போவோம்.

லாரி அதிபர்

பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில் ரோஜர் பையோன் என்று ஒருவர் இருந்தார். லாரி போக்குவரத்துத் தொழில். உலக யுத்தம் முடிந்த காலம். ஊரெல்லாம் இடிபாடு. செங்கல், சிமெண்டு, தானியம் என்று எல்லாம் லாரியில்தான் போக வேண்டும். லாரி வைத்திருந்தவர்கள் கையில் காசு புழங்கியது.

பையோன் வெறும் முதலாளி இல்லை. வேலை தெரிந்த ஆள். தானே ஒரு திறந்த காரை உருவாக்கி அதற்கு 'நீலப்பறவை' என்று பேரும் வைத்தவர்.

1950-களில் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. பழைய கார் பித்து. யுத்தத்துக்கு முன்னால் ராஜாக்களும் சீமான்களும் ஓட்டிய பெரிய பெரிய வண்டிகளை அந்தக் காலத்தில் யாரும் சீந்தவில்லை. பெட்ரோல் குடிக்கும். டயர் கிடைக்காது. பாகம் கிடைக்காது. சொந்தக்காரர்கள் காயலாங்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் எடை போட்டு, கூடத்தை வைத்து உடைத்தார்.

அப்படிச் சாகப் போன வண்டிகளைத்தான் பையோன் தேடித் தேடி வாங்கினார். புகாட்டி, ஹிஸ்பானோ சூய்சா, டெலாகே, டால்போ-லாகோ, பனார். எகிப்து மன்னர் பாரூக் வைத்திருந்த டால்போ கூட அவரிடம் வந்து சேர்ந்தது. 1952-ல் நாற்காலி பறிபோய் நாட்டை விட்டுக் கப்பல் ஏறினாரே, அதே பாரூக்!

எல்லாவற்றையும் பழுது பார்த்துப் பளபளப்பாக்கி ஒரு மியூசியம் வைக்க வேண்டும், மோட்டார் காரின் கதையை ஜனங்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கனவு.

கனவு பெரிசு. கொட்டகை சின்னது. நிலத்தில் ஓரமாகக் கம்பு நட்டு மேலே தகரம் போட்டார். அதன் கீழே வண்டிகளை வரிசையாக நிறுத்தினார். பக்கச் சுவர் கிடையாது. 'மியூசியம் கட்டும் வரைக்கும் இருக்கட்டும்' என்று நிறுத்தியதுதான். ஆசைப்பட்டுப் பழைய ஸ்கூட்டரை வாங்கி மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் புரியும்.

1971-ல்தான் அந்தப் பெராரியையும் வாங்கினார். அப்போது அது பத்து வருஷத்துப் பழைய கார். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. இதை மட்டும் தகரத்தின் கீழே விடாமல் கதவு போட்ட ஷெட்டுக்குள் நிறுத்தினார். கூடவே ஒரு இத்தாலிய மாசெராட்டியும்.

விழுந்தது அடி

1970-களில் தொழில் சரிந்தது. லாரிக்காரருக்கு டீசல்தான் சோறு. 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் கச்சா எண்ணெய் விலை சில மாதத்தில் நாலு மடங்கு ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். போக்குவரத்துத் தொழிலில் இருந்த எத்தனையோ பேரை அந்தக் காலம் புரட்டிப் போட்டது. பையோன் கம்பெனியும் தாக்குப் பிடிக்கவில்லை.

கடன் வந்தால் முதலில் எது போகும்? ஆசைக்கு வாங்கியதுதான் போகும். 1979-ல் ஒரு ஏலம், 1985-ல் ஒரு ஏலம். சேகரித்த கார்களில் பெரும் பகுதி கை விட்டுப் போனது.

மிச்சம் நின்றவை நின்ற இடத்திலேயே நின்றன. பையோனுக்கு அதற்குப் பிறகு மனசு விட்டுப் போனதோ என்னவோ, யாரும் அவற்றைத் தொடவில்லை. கொடி படர்ந்தது. சக்கரத்துக்குள் புல் முளைத்தது. ஜன்னல் வழியாக மரக்கிளை உள்ளே போனது. சில வண்டிகளின் மேல் தகரக் கூரையே இடிந்து விழுந்தது. மழை ஒழுகி ஒழுகித் தரைத் தகடு துருவாய் உதிர்ந்தது.

பையோன் காலமானார். சொத்து மகன் கைக்கு வந்தது. மகனும் அவற்றை விற்கவில்லை, பழுதும் பார்க்கவில்லை. அவரும் போன பிறகு பேரப்பிள்ளைகள், 'தாத்தாவின் பழைய வண்டிகள் கொஞ்சம் கிடக்கின்றன, வந்து பாருங்கள்' என்று பாரிஸிலுள்ள 'ஆர்ட்க்யூரியல்' ஏல நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார்கள்.

2014-ம் ஆண்டு அந்த நிறுவனத்தின் மோட்டார் பிரிவைச் சேர்ந்த மாத்தியூ லமூர், பியர் நோவிகாப் ஆகிய இருவரும் வந்து இறங்கினார்கள். செடியை விலக்க விலக்க வண்டி வந்துகொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தால் அறுபதுக்குப் பக்கம்! அதற்குப் பிறகுதான் ஷெட் கதவைத் திறந்தார்கள். பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கினார்கள்.

இந்தத் தொழிலிலே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கே தூக்கி வாரிப் போட்டது.

அப்படி என்ன அந்தக் காரில்?

என்ஜினைப் பற்றி ரெண்டு வரி போதும். பன்னிரண்டு சிலிண்டர். மூன்று லிட்டர். 'கொலம்போ' என்ற என்ஜினீயர் போட்ட திட்டம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 250 சி.சி. அதனால்தான் காருக்கு '250' என்று பேர். மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்.

ஆனால் விலைக்குக் காரணம் என்ஜின் மட்டும் இல்லை. பாடி!

லேலண்டு கம்பெனி பஸ்ஸுக்கு சேஸிஸையும் என்ஜினையும் கொடுக்கும். அதைக் கரூருக்குக் கொண்டுபோய் பாடி கட்டுவார்கள். நாம் தினமும் பார்க்கிற விஷயம். இத்தாலியில் ஒரு காலத்தில் காருக்கே அதுதான் வழக்கம். கம்பெனி சேஸிஸ், என்ஜின், கியர் பாக்ஸ் செய்யும். உடம்பு கட்டுவது பாடி பட்டறை. மிலான், டூரின், மோடனா நகரங்களில் அப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருந்தன.

இந்தக் காருக்கு அழகு வரைந்தது டூரினிலுள்ள பினின் பரீனா பட்டறை. முதலாளியின் நிஜப் பேர் பத்தீஸ்தா பரீனா. 'பினின்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'சின்னவன்'. வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பேர் பட்டறைப் பலகையில் ஏறியது. 1961-ல் 'பினின்பரீனா' என்று சட்டப்படியே குடும்பப் பேராக மாற்றிக்கொண்டார்.

வரைந்தது அவர்கள். தகட்டை அடித்தது வேறு ஆள்.

சுத்தியல் மனிதர்

அந்த ஆள் பேர் செர்ஜோ ஸ்கால்யெட்டி. மோடனா ஊர்க்காரர். 1920-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். 13 வயதில் பாடி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். காலேஜ் கிடையாது. டிராயிங் படிப்பு கிடையாது. கையில் ஒரு சுத்தியல், அவ்வளவுதான்.

17 வயதில் அண்ணன் வைத்த சின்னப் பட்டறைக்கு வந்தார். அது எங்கே இருந்தது? என்சோ பெராரியின் பந்தயக் கார் கூடத்துக்கு எதிரே! அடிபட்டு வரும் பந்தயக் கார்களின் மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவதுதான் ஆரம்பத்தில் கிடைத்த வேலை. நம்ம ஊர் பாஷையில் டிங்கர் வேலை.

அந்தத் தட்டு வேலையைப் பார்த்து பெராரி அசந்துபோனார். பெராரி லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. முழு வண்டிக்கும் பாடி கட்டுகிற வேலை ஸ்கால்யெட்டிக்கு வந்தது. 1951-ல் சொந்தப் பட்டறை.

வேலை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். மெல்லிய கம்பியை வளைத்துக் காரின் உருவத்துக்கு ஒரு கூடு செய்வார்கள். எலும்புக்கூடு மாதிரி. அளவு? கண் அளவுதான். பிறகு மணல் நிரப்பிய மூட்டையின் மேல் தகட்டை வைத்து அடிப்பார்கள். மணல் அமுங்கும், தகடு குழியும். கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பது, மறுபடி மூட்டை, மறுபடி அடி. துண்டு துண்டாகச் செய்து பற்றவைத்து ராவினால் அதுதான் கார்.

அதனால்தான் ஒரு வேடிக்கை. இந்தக் கார்களில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் அளவு அச்சு அசலாக இருக்காது. ஒரு வண்டியின் கதவைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டினால் சேராது. இன்றைய தொழிற்சாலைக்காரர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். கை வேலைக்கு இதுதான் அடையாளம் என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள்.

இவர் பட்டறையில் உருவான பந்தயக் கார்கள் இன்று கோடிக் கோடியாய் விலை போகின்றன. பின்னாளில் அந்தப் பட்டறையைப் பெராரி கம்பெனியே எடுத்துக்கொண்டது. 2004-ல் வந்த ஒரு பெராரிக்கு 'ஸ்கால்யெட்டி' என்றே பேர் வைத்தார்கள். டிங்கர் வேலை செய்தவருக்கு அது பெரிய கவுரவம்தான்.

2011 நவம்பரில், 91 வயதில் காலமானார். ஷெட் கதவு திறக்கப்பட்டது அதற்கு மூன்று வருஷம் கழித்து.

கலிபோர்னியா என்ற பேர் ஏன்?

கார் இத்தாலி. பேர் அமெரிக்கா. இதற்குக் காரணம் ரெண்டு வியாபாரிகள்.

ஒருவர் கலிபோர்னியாவில் பெராரி விற்றுவந்த ஜான் வான் நியூமன். இன்னொருவர் நியூயார்க்கில் விற்ற லூயிஜி சினெட்டி. சினெட்டி சாதாரண வியாபாரி இல்லை. லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மூன்று தடவை ஜெயித்தவர். அதில் 1949-ல் கூட்டாளிக்கு உடம்பு முடியாமல் போக, கிட்டத்தட்ட முழு நேரமும் தான் ஒருவராகவே ஓட்டி, பெராரிக்கு அங்கே முதல் வெற்றியை வாங்கித் தந்தவர். அவர் பேச்சை பெராரி தட்டுவாரா?

'எங்க ஊரில் வெயில் ஜாஸ்தி, பணமும் ஜாஸ்தி. கூரை இல்லாத வண்டி செய்து கொடுங்கள். காலையில் ஆபீசுக்கு ஓட்டணும், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்திலும் விடணும்' என்கிற கணக்குதான் அவர்களுடையது. என்சோ பெராரிக்குப் பந்தயம்தான் உயிர். பந்தயத்துக்குப் பணம் வேண்டுமே என்றுதான் வெளியாருக்குக் கார் விற்றார். ஆர்டர் வந்தது, செய்தார். 'கலிபோர்னியா ஸ்பைடர்' பிறந்தது.

முதலில் வந்தது நீளமானது. 1960-ல் சேஸிஸை 20 சென்டிமீட்டர் குறைத்தார்கள். வளைவில் இன்னும் நன்றாகத் திரும்பியது. இந்தக் குட்டை ரகத்தில் செய்தது மொத்தம் 56 கார்தான். அதிலும் முன் விளக்குக்கு மேல் கண்ணாடி மூடி போட்டது 37. மூடி இருந்தால் விலை இன்னும் ஜாஸ்தி. விளக்கு மூடிக்கு விலையா என்று சிரிக்க வேண்டாம். வெள்ளிக் குத்துவிளக்கில் அன்னப்பறவை இருந்தால் ஒரு விலை, உடைந்து போயிருந்தால் ஒரு விலை என்று நம்ம மார்வாடிக் கடையில் சொல்வதில்லையா?

பையோன் ஷெட்டில் இருந்தது 1961-ல் செய்த குட்டை ரகம். மூடி போட்ட விளக்கு. சேஸிஸ் நம்பர் 2935.

நடிகர் கைபட்ட வண்டி

இந்தக் கார் முதலில் போனது ஒரு நடிகரிடம். பேர் ஜெரார் பிளேன். ஜான் வெய்ன் ஆப்பிரிக்காவில் மிருகம் பிடிக்கிற 'ஹட்டாரி' படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும்.

அவரிடமிருந்து இன்னொரு நடிகர் வாங்கினார். இங்கேதான் விலை எகிறுகிறது. அவர் அலென் டெலோன்! பிரெஞ்சுப் பட உலகின் ஆணழகன். 1964-ல் வெளிவந்த ஒரு படத்தின் வேலை நடந்தபோது, நடிகை ஜேன் பாண்டாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதே காரில் அவர் இருக்கும் போட்டோ ஒன்று உண்டு. கூரை இல்லாத வண்டி ஆனதால் ரெண்டு முகமும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

ஏலக்காரர்கள் அந்தப் படத்தை விட்டுவிடுவார்களா? விளம்பரமெல்லாம் டெலோன்தான். கார் இருந்த இடம் லாரிக்காரர் ஷெட். சேஸிஸ் பெராரி, தகடு ஸ்கால்யெட்டி. ஆனால் தலைப்பில் வந்த பேர் நடிகர் பேர். பத்திரிகையில் வேலை பார்க்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை!

ஒன்று சொல்ல வேண்டும். ஜேம்ஸ் கோபர்ன் என்ற அமெரிக்க நடிகர் வைத்திருந்த இன்னொரு கலிபோர்னியா 2008-ல், பெராரியின் ஊரான மரனெல்லோவில் நடந்த ஏலத்தில் 70 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அப்போதே அதிகப்படி விலை என்று பேசினார்கள். அது பளபளவென்று புதுப்பித்த கார். இது தூசி மூடிய கார். ஆனாலும் ஏழே வருஷத்தில் ரெண்டு மடங்குக்கு மேல்.

டூப்ளிகேட் ஜாக்கிரதை!

இவ்வளவு விலை என்றால் அங்கே நம்ம போலீஸ் பக்கத்துச் சரக்கும் இருந்தாக வேண்டும். இருக்கிறது.

1986-ல் அமெரிக்காவில் 'பெரிஸ் பியூலர்' என்றொரு சினிமா வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் நண்பனின் அப்பாவுடைய கலிபோர்னியா ஸ்பைடரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். கடைசியில் கார் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். தியேட்டரில் பார்த்தவர்கள் 'ஐயோ' என்று கத்தினார்கள். ஆனால் கார்கள் ஓடிய காட்சிகளில் இருந்தது டூப்! பைபர் உடம்பு போட்ட நகல் வண்டி. நகல் செய்தவர்கள் மீது பெராரி கம்பெனி வழக்குப் போட்டது தனிக் கதை.

பைபர் நகலைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெட்டிக்கார வேலை வேறு. '250 ஜி.டி.இ.' என்று நாலு பேர் உட்காரும் கூரை போட்ட பெராரி ஒன்று இருந்தது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்த வண்டி. விலை குறைவு. என்ஜினோ அதே குடும்பம். அந்தக் காரை வாங்கி, கூரையை அறுத்து, சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கி, மேலே புதுத் தகடு அடித்துக் கலிபோர்னியா ஆக்கியவர்கள் உண்டு. 'நகல்' என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. நாலு கை மாறிய பிறகு அந்த வார்த்தை காணாமல் போனால்?

இதனால் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்டை அல்ல, நம்பரை. சேஸிஸில் அடித்த எண், என்ஜினில் அடித்த எண், கம்பெனிப் பதிவேட்டிலுள்ள எண். எல்லாம் ஒத்துப் போக வேண்டும். அந்தக் காலத்தில் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணும், பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் போடுவது பெராரி வழக்கம். 2935 ஒற்றைப்படை. சரியாக இருக்கிறது.

இங்கேதான் அந்தப் பேப்பர் கட்டு காசாகிறது. ஷெட்டில் கிடந்த காரை யாரும் அறுக்கவில்லை. யாரும் ஒட்டவில்லை. யாரும் நம்பரைச் சுரண்டவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே குடும்பம். கண் முன்னாலேயே சாட்சி. பையோனுக்குக் கையில் பணம் இருந்திருந்தால் பழுது பார்க்கிறேன் என்று பழைய பெயிண்டைச் சுரண்டியிருப்பார், சீட்டை மாற்றியிருப்பார். பணம் இல்லை. கார் தப்பியது!

ஆனால் வெளியே தகரத்தின் கீழ் நின்றவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அவற்றையும் யாரும் தொடவில்லைதான். மழை தொட்டது. சில வண்டிகளில் மேல் பக்கம் மட்டும்தான் மிச்சம்.

கழுவலாமா, கூடாதா?

ஏலத்துக்கு முன்னால் பெரிய வாக்குவாதம் இதுதான். தூசியைத் துடைத்து, மெழுகு போட்டு மின்ன வைக்கலாமே? 'தொடவே கூடாது' என்றார்கள் தெரிந்தவர்கள். பாரிஸில் வருஷா வருஷம் நடக்கும் 'ரெட்ரோமொபீல்' பழைய கார் கண்காட்சியில், கிடந்த கோலத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டம் அலை மோதியது. பளபளக்கும் கார்களை விட்டுவிட்டு, துருப்பிடித்த வண்டிகளைப் பார்க்க ஜனங்கள் கியூவில் நின்றார்கள்.

தூசியைக் காசு கொடுத்து வாங்குவது பணக்காரர்களின் தமாஷ் என்றே எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. பழுது எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். 1961-ல் அடித்த பெயிண்டை மறுபடி 1961-ல் அடிக்க முடியாது. கொலை நடந்த இடத்தை போலீஸ் வருவதற்குள் பினாயில் போட்டுக் கழுவிவிட்டால் துப்பு எப்படிக் கிடைக்கும்? அந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு தரம்... ரெண்டு தரம்...

ஏல நிறுவனம் முன்கூட்டிப் போட்ட மதிப்பு 95 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் யூரோ வரை. ஏலம் தொடங்கியதும் அந்த எல்லை பின்னால் போய்விட்டது. சுத்தியல் விழுந்தபோது 1 கோடியே 42 லட்சம் யூரோ.

அப்படியானால் 1 கோடியே 62 லட்சத்து 88 ஆயிரம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. வாங்குகிறவர் ஏலத் தொகைக்கு மேல் ஏலக்காரருக்குக் கமிஷனும், கமிஷனுக்கு வரியும் கட்ட வேண்டும். இந்த ஒரு காரில் அது மட்டும் 20 லட்சத்து 88 ஆயிரம் யூரோ. நம்ம பணத்தில் 14 கோடி ரூபாய்க்கு மேல்! சுத்தியலை ஒரு தடவை தட்டியதற்கு.

மோடனா பட்டறையில் மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டியவர்களுக்கு அந்தக் காலத்திலேயே கூலி கொடுத்தாகிவிட்டது. டெலோன் விற்ற அன்றே தன் பணத்தை வாங்கிக்கொண்டார். 2024 ஆகஸ்டில் காலமாகும் வரை அந்தக் காருக்கு அவர் பேர்தான் உதவியது, அவருக்கு அந்தக் காரால் பைசா இல்லை. 'மியூசியம், மியூசியம்' என்று அலைந்த பையோன் அந்த ஏலத்தைப் பார்க்கவும் இல்லை. பணம் போன இடம் பேரப்பிள்ளைகளும், ஏல நிறுவனமும், பிரெஞ்சு அரசாங்கமும்.

வாங்கியவர் யார்? வெளிநாட்டுச் சேகரிப்பாளர் என்று மட்டும் சொன்னார்கள். அன்று பேர் வெளியிடவில்லை.

அதே ஷெட்டில் கூட நின்ற மாசெராட்டி 20 லட்சம் யூரோவுக்குப் போனது. நசுங்கிக் கிடந்த ஒரு டால்போ-லாகோ 17 லட்சம். நசுங்கிய வண்டிக்கு 12 கோடி ரூபாய்! அன்று வந்த 59 வண்டிகளில் ஒன்று கூடத் திரும்பிப் போகவில்லை. சக்கரம் சுற்றாத வண்டி, தரைத் தகடே இல்லாத வண்டி எல்லாவற்றுக்கும் ஆள் கை தூக்கியது. மொத்த வசூல் 2 கோடியே 51 லட்சம் யூரோ. சுமார் 177 கோடி ரூபாய்.

கலிபோர்னியா கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷமே, 2016 மார்ச்சில், அமெரிக்காவின் பிளாரிடாவில் இன்னொரு குட்டை ரகக் கார் 1 கோடியே 71 லட்சம் டாலருக்குப் போனது.

பையோனின் வண்டிகளில் பெரும்பாலானவை சொந்தக் காலில் நடக்கிற நிலையில் இல்லை. விற்ற கையோடு ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி டிரெய்லரில் ஏற்றினார்கள். டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனவை லாரிகள்.